கமெராவின் முன்னால் முயற்சியாண்மை

2004ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி அப்ரென்டிஸ்' என்ற நிகழ்ச்சி ஆரம்பமாகியது. எட்டு ஆண்கள், எட்டுப் பெண்கள் என இரு அணிகள். கொடுக்கப்பட்ட முதற்பணி, நியூயோர்க் வீதிகளில் எலுமிச்சைச் சாறு விற்பது. ஆண்கள் மீன் சந்தைப் பக்கமாகச் சென்று கடை விரித்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரேயொரு குவளைச் சாற்றை 1000 டொலருக்கு விற்றுவிட முடியும் என்று நம்பி ஒரு வழிப்போக்கரின் பின்னால் மன்றாடிக்கொண்டு திரிந்தார். பெண்கள் அலுவலகங்கள் நிறைந்த பகுதியைத் தெரிவுசெய்து, பானத்துடன் தங்கள் புன்னகையையும் சேர்த்து விற்று வென்றார்கள். தோற்ற அணியினர் மாலையில் ஒரு நீண்ட மேசைக்கு முன்னால் வரிசையாக அமர்த்தப்பட்டனர். மேசையின் மறுபுறம் டொனால்ட் ட்ரம்ப். விசாரணையின் முடிவில் ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

அன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வியாபாரம் என்பது தொலைக்காட்சியில் பார்த்து இரசிக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பிரித்தானியாவில் அலன் சுகர் நடத்தும் 'அப்ரென்டிஸ்', 'டிராகன்ஸ் டென்', அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்', இந்தியாவில் அதன் இந்தி வடிவம், 2025இல் விஜய் தொலைக்காட்சியில் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' என்று புலி, டிராகன், சுறா, சிங்கம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. காடும் கடலும் இவ்வாறு வந்து குவிந்ததற்குக் காரணம், இவற்றில் முதலாவதான ஜப்பானிய நிகழ்ச்சிதான். 2001இல் அங்கு ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மனி நோ தோரா'வின் பெயரில் இருந்த 'தோரா' என்ற சொல்லுக்குப் புலி என்று பொருள். பணப்புலிகளின் முன்னால் சாதாரண மனிதர் ஒருவர் வந்து நின்று தனது யோசனைக்கு முதல் கேட்பார். மற்றைய நாடுகள் மிருகத்தை மாற்றினவே தவிர விளையாட்டை மாற்றவில்லை.

இந்நிகழ்ச்சிகளில் உண்மையான முயற்சியாண்மைத் திறமை வெளிப்படுகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதைப் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியாக மட்டும் நான் கருதவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் கொழும்பிலும் வாழும் எமது இளைஞர்கள் தொழில் செய்பவன் எப்படி இருப்பான் என்பதற்கான சித்திரத்தை இன்று பெரும்பாலும் இங்கிருந்துதான் பெறுகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவன் தனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுகிறான். பேச்சு வராதவன் தனக்கு இது ஏற்றதல்ல என்று ஒதுங்கிப் போகிறான். இருவரும் தவறான தராசில் தங்களை நிறுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த எலுமிச்சைச் சாற்றையே எடுத்துக்கொள்வோம். இடத்தைத் தெரிவுசெய்தல், விலை வைத்தல், வாடிக்கையாளரைக் கவருதல் ஆகிய மூன்றும் அதில் சோதிக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அது ஒருநாட் கடை. நேற்று வாங்கியவர் இன்று மீண்டும் வருவாரா என்ற கேள்வி அதில் எழவில்லை. பழம் தந்தவருக்கு எப்போது பணம் கொடுப்பது, கடனுக்கு வாங்கிச் சென்றவரிடம் எப்படி அறவிடுவது, மழைக்காலத்தில் வாடகையை எங்கிருந்து கட்டுவது, நல்ல வேலையாளைப் பக்கத்துக் கடைக்காரன் இழுத்துக்கொண்டு போகாமல் எப்படி வைத்திருப்பது என்ற கேள்விகளுக்கும் அங்கு இடமில்லை. வியாபாரம் செய்த எவரையும் கேட்டுப் பாருங்கள், அவர்களின் நித்திரையைக் கெடுத்தவை இக்கேள்விகளாகத்தான் இருக்கும். விற்பது வியாபாரத்தின் முதல் நாள். அந்த முதல் நாளை மட்டும் எடுத்து, அதற்கு இசையும் சேர்த்து, இதுதான் வியாபாரம் என்று தொலைக்காட்சி காட்டியது.

அந்த முதலாவது பருவத்தின் வெற்றியாளர் பில் ரான்சிக். அவர் போட்டிக்கு வருமுன்னரே இணையத்தின் மூலம் சுருட்டு விற்கும் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்து நடத்தியவர். அதாவது அவரை ஒரு முயற்சியாளராக நிகழ்ச்சி உருவாக்கவில்லை, கண்டுபிடிக்கவுமில்லை. ஏற்கனவே முயற்சியாளராக இருந்தவர் வந்து வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? ஆண்டுக்கு 250,000 டொலர் சம்பளத்தில், சிக்காகோவில் கட்டப்படவிருந்த ட்ரம்ப் கோபுரத்தில் ஓர் உத்தியோகம். சொந்தக் காலில் நின்ற ஒருவரை இன்னொருவரின் ஊழியராக்குவதையே முயற்சியாண்மைக்கான முடிசூட்டு விழாவாக இலட்சக்கணக்கானோர் பார்த்து மகிழ்ந்தனர்.

பிரித்தானியர்கள் இந்த முரண்பாட்டைச் சில ஆண்டுகள் கழித்தேனும் உணர்ந்தார்கள். 2005இல் அங்கு தொடங்கிய நிகழ்ச்சியில் வெற்றியாளருக்கு அலன் சுகரின் நிறுவனத்தில் ஆண்டுக்கு 100,000 பவுண் சம்பளத்துடன் வேலை கொடுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் வெற்றியாளர் அந்த வேலையிலிருந்து விலகி, தனக்கு உண்மையான பொறுப்பு எதுவும் தரப்படவில்லை என்று தொழில் நியாயசபைக்குச் சென்றார். 2013இல் அவரது முறைப்பாடு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 2011இல், பரிசு மாற்றப்பட்டுவிட்டது. வேலைக்குப் பதிலாக வெற்றியாளரின் சொந்தத் தொழிலில் 250,000 பவுண் முதலீடும் சரிபாதிப் பங்காளித்துவமும் என்றானது.

அந்த 2011ஆம் ஆண்டின் பருவம் எமது கேள்விக்கு மிகவும் பொருத்தமான சாட்சி. வென்றவர் டொம் பெலெரோ என்ற கண்டுபிடிப்பாளர். வளைந்த நகராவி ஒன்றை வடிவமைத்தவர். வாராந்தப் பணிகளில் பெரும்பாலானவற்றில் அவர் தோற்ற அணியிலேயே இருந்தார். பணிகளில் தோற்றுக்கொண்டே வந்தவர் இறுதியில் வென்றார் என்றால், பத்து வாரங்களாகப் பார்வையாளருக்குக் காட்டப்பட்ட பணிகள் எதை அளந்தன? அதே பருவத்தில் மூன்றாமிடத்துக்கு வந்த சூசன் மா, தனது பதினைந்தாவது வயதில் கிரீனிச் சந்தையில் மேசை போட்டு, தானே தயாரித்த சருமப் பூச்சுக்களை விற்றவர். நிகழ்ச்சியில் அவர் வெல்லவில்லை. எனினும் சுகர் பின்னர் அவரது தொழிலில் முதலிட்டார். அந்த 'ட்ரொபிக்' நிறுவனம் பெருநிறுவனமாக வளர்ந்தது. 2023இல் சுகரின் பங்குகளைச் சூசன் மா தானே திரும்ப வாங்கிக்கொண்டார். சந்தை மேசையில் கற்ற பாடம் பணிப்பாளர் சபை அறையில் கற்ற பாடத்தைவிட அவருக்கு அதிகம் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலீட்டாளர்களின் முன்னால் யோசனையை வைத்துப் பணம் கேட்கும் நிகழ்ச்சிகள் இவற்றைவிட யதார்த்தமானவை என்று சொல்லப்படுகிறது. ஓரளவுக்கு அது சரி. அங்கு வருபவர்களிடம் உண்மையான பொருள் இருக்கிறது, உண்மையான கணக்குப் புத்தகம் இருக்கிறது, சொந்தப் பணத்தை இழந்த அனுபவமும் இருக்கிறது. ஆனாலும் அங்கு அளக்கப்படுவது, அறியாத ஐந்து பேரின் நம்பிக்கையைக் குறுகிய நேரத்தில் பெறும் ஆற்றல். அது பயனுள்ள ஆற்றல்தான். முயற்சியாண்மையில் அது ஒரு பகுதி மட்டுமே.

தவறிப்போன தீர்ப்புகளின் பட்டியல் நீளமானது. சிறுவர்கள் ஏறி அமர்ந்து இழுத்துச் செல்லக்கூடிய 'ட்ரங்கி' என்ற பயணப்பெட்டி 2006இல் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு வந்தது. நடுவர் ஒருவர் அதன் பட்டியை இழுத்துப் பார்த்தபோது அது கழன்றுவிட்டது. கண்டுபிடித்தவர் வெறுங்கையுடன் திரும்பினார். இன்று அந்தப் பெட்டியைக் காணாத விமான நிலையம் அரிது. சிக்கல் எடுக்கும் 'டாங்கிள் டீசர்' தலைவாரி 2007இல் நிராகரிக்கப்பட்டு, பின்னர் உலகச் சந்தையைப் பிடித்தது. 2013இல் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சிக்கு வாசல் மணியுடன் கமெராவை இணைத்த கருவியொன்றைக் கொண்டுவந்த ஜேமி சிமினொஃப், பத்து வீதப் பங்குக்கு 700,000 டொலர் கேட்டார். ஒருவர் மட்டும் முன்வைத்த நிபந்தனைகள் அவருக்கு ஒத்துவராததால் முதலீடு இன்றியே வெளியேறினார். 'ரிங்' என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தை 2018இல் அமேசன் வாங்கியது. அதே ஆண்டில் சிமினொஃப் அந்நிகழ்ச்சிக்கு மீண்டும் வந்தார், இம்முறை நடுவர் ஆசனத்துக்கு.

நடுவர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அனுபவம் மிக்க முதலீட்டாளரும் பலமுறை தவறுவார். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அறையில் ஒருவரின் முழுப்பேச்சு ஒரு மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேலாக நீள்கிறது. எமக்குக் காட்டப்படுவதோ பத்து நிமிடம். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு வெட்டுதல் என்றால் என்னவென்று தெரியும். இரண்டு மணித்தியாலப் பேட்டியை ஒரு பக்கத்துக்குள் அடக்குவது எமது அன்றாட வேலை. ஆனால் பேட்டி கொடுத்தவர் என்ன சொன்னாரோ அதற்கு உண்மையாக வெட்டவேண்டும் என்பது எமது தொழில் தர்மம். முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற வரிகளைப் பேட்டியிலிருந்து பொறுக்கினால் அதற்குப் பெயர் வேறு.

அமெரிக்க 'அப்ரென்டிஸ்' நிகழ்ச்சியில் நடந்தது அதுவேதான். அதன் படத்தொகுப்பாளர்களில் ஒருவர் பிற்காலத்தில் 'நியூயோர்க்கர்' சஞ்சிகைக்கு அளித்த விபரங்கள் 2019இல் வெளியாகின. நன்றாகச் செயற்பட்ட போட்டியாளரையும் சிலவேளைகளில் ட்ரம்ப் திடீரென நீக்கிவிடுவாராம். அதன் பின்னர் தொகுப்பாளர்கள் நூற்றுக்கணக்கான மணித்தியால ஒளிப்பதிவைத் தோண்டி, நீக்கப்பட்டவர் தடுமாறிய கணங்களைத் தேடிக் கோத்து, தீர்ப்பு நியாயமானது என்று தோன்றச் செய்வார்களாம். தீர்ப்பு முதலில், சாட்சியம் பிறகு. அந்தப் பிரபலமான சபை அறைகூட ட்ரம்ப் கோபுரத்தினுள் நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்ட அரங்குதான்.

நிகழ்ச்சி தொடங்கிய அதே 2004ஆம் ஆண்டின் நவம்பரில், ட்ரம்பின் சூதாட்ட விடுதி நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வாரந்தோறும் மற்றவர்களின் வியாபார அறிவைத் தீர்ப்பிட்டுக்கொண்டிருந்தவரின் நிறுவனம் கடன்காரர்களுடன் பேரம் பேசிக்கொண்டிருந்தது. அவரது வரி விபரங்களை ஆராய்ந்து 'நியூயோர்க் டைம்ஸ்' 2020இல் வெளியிட்ட செய்தியின்படி, அந்நிகழ்ச்சியாலும் அது தந்த புகழை ஒட்டிய உரிம, விளம்பர ஒப்பந்தங்களாலும் அவர் ஈட்டியது 427 மில்லியன் டொலருக்கும் மேல். இந்நிகழ்ச்சியில் ஓர் அசலான முயற்சியாளர் இருந்தார் என்றால், அது போட்டியாளர்களில் ஒருவர் அல்ல. வெற்றிகரமான தொழிலதிபர் என்ற தோற்றத்தையே ஒரு பண்டமாக்கி விற்கலாம் என்று கண்டுகொண்ட தயாரிப்பாளர் மார்க் பேர்னெட்தான் அவர். அந்தப் பண்டத்தை வாங்கியவர்களில் பலர் 2016இல் வாக்குச் சாவடிக்கும் சென்றார்கள். தொலைக்காட்சியில் பார்த்த தோற்றம் அந்தத் தேர்தலைத் தீர்மானித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் பதினொரு ஆண்டுகள் அமர்ந்திராவிட்டால் அந்த வேட்பாளருக்கு அந்தத் தோற்றம் இருந்திராது என்பதை மறுப்பது கடினம்.

திரையில் கைகுலுக்கி முடிந்த உடன்பாடுகளின் கதியும் சொல்லப்படவேண்டும். அந்தக் கைகுலுக்கல் ஒப்பந்தமல்ல. கணக்குகளையும் உரிமப் பத்திரங்களையும் சரிபார்த்த பின்னரே பணம் கைமாறும். 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சியின் முதல் ஏழு பருவங்களில் உடன்பாடு பெற்றவர்களிடம் 'ஃபோர்ப்ஸ்' விசாரித்தபோது, ஏறத்தாழ நாற்பது வீதமானோருக்கு அந்த முதலீடு வந்து சேரவேயில்லை என்பது தெரியவந்தது. இன்னும் பலருக்கு நிபந்தனைகள் மாறிவிட்டன. பார்வையாளர் கண்ணீர் மல்கக் கைதட்டிய காட்சி அப்படியே மனதில் நின்றுவிடுகிறது. மாதங்கள் கழித்து வழக்கறிஞரின் மின்னஞ்சலில் அது கலைந்துபோனதை எவரும் ஒளிபரப்புவதில்லை.

நடுவர் ஆசனமும் அழியாத ஆசனமல்ல. ஜப்பானின் பணப்புலிகளில் சிலரது நிறுவனங்களே பிற்காலத்தில் வங்குரோத்தடைந்தன. 2021 டிசம்பரில் தொடங்கிய இந்திய நிகழ்ச்சியின் முதற்பருவத்தில், இலாபத்தைப் பற்றி மிகக் கடுமையாகக் கேள்வி கேட்ட நடுவர் ஒருவர், அப்பருவம் முடிந்த சில வாரங்களில், 2022 மார்ச்சில், தான் இணைந்து நிறுவிய நிறுவனத்திலிருந்தே வெளியேற நேர்ந்தது.

இவ்வளவும் சொன்ன பின்னர், மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்நிகழ்ச்சிகளால் நன்மை எதுவும் இல்லை என்பது உண்மைக்குப் புறம்பானது. அதே இந்தியப் பருவத்தில் மகாராஷ்டிர மாநிலத்தின் மாலேகாவிலிருந்து 'ஜுகாடு கமலேஷ்' என்றழைக்கப்பட்ட விவசாயி வந்தார். கிருமிநாசினிக் கொள்கலனை முதுகில் சுமந்து வளையும் தன் தந்தையின் துயரைக் கண்டு, தள்ளிச் செல்லக்கூடிய தெளிப்பு வண்டியைத் தானே செய்தவர். அவரிடம் ஆங்கிலம் இல்லை, பளபளப்பான படங்கள் இல்லை. பத்து இலட்சம் ரூபா முதலீடும் இருபது இலட்சம் வட்டியில்லாக் கடனும் அவருக்கு உறுதியளிக்கப்பட்டன. வங்கி முகாமையாளரின் வாசலைத் தாண்டியிருக்க முடியாத ஒருவர் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தார். ஒரு நிறுவனத்தின் பெறுமதி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பங்கை விற்பதற்கும் கடன் வாங்குவதற்கும் என்ன வேறுபாடு, மொத்த விற்பனைக்கும் இலாபத்துக்கும் இடையில் எத்தனை படிகள் என்பனவெல்லாம் இன்று பாடசாலை மாணவர்களின் பேச்சில் வருகின்றன. அதைத் தந்தவையும் இந்நிகழ்ச்சிகளே.

பிரித்தானியாவில் 2007இல் கித்தாருடன் பாடிக்கொண்டே தனது சுவைச்சாற்றை அறிமுகப்படுத்திய லீவாய் ரூட்ஸும் அவ்வாறே. விற்பனைக் கட்டளை பற்றிய தொகையை அவர் பெருந்தவறாகச் சொன்னபோதும் 50,000 பவுண் கிடைத்தது. விரைவில் அவரது போத்தல்கள் பேரங்காடிகளின் தட்டுகளில் ஏறின. ஆனால் 2011இல் சாற்றின் செய்முறை பற்றி வழக்கொன்று எழுந்தது. வழக்கில் வென்றவர் ரூட்ஸ்தான். எனினும் அது பாட்டியின் கைப்பக்குவம் என்று சொல்லிவந்தது விற்பனைக்காகச் சொன்ன கதை என்பதை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கமெரா பொருளைவிடக் கதையை அதிகம் விரும்புகிறது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதுவும் ஒரு திறமைதான்.

ஆகவே எனது முடிவு இதுதான். இந்நிகழ்ச்சிகளில் உண்மையான முயற்சியாளர்கள் தோன்றுகிறார்கள். ஆனால் அவர்களை முயற்சியாளர்களாக்கும் திறமை அங்கு தோன்றுவதில்லை. ஏனெனில் அந்தத் திறமையின் மூலப்பொருள் காலம். பத்து நிமிடத்துக்குள் காலத்தைக் காட்ட எந்தக் கமெராவாலும் முடியாது.

ரான்சிக் இணையத்தில் சுருட்டு விற்றார் என்று மேலே சொன்னேன். அவருக்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தவர்கள் தென்னிலங்கையின் சிற்றூர்களிலெல்லாம் சுருட்டுக்கடை வைத்திருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கடைப்பையனாகச் சென்று, கடையிலேயே படுத்து, சிங்களம் கற்று, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதை முகம் பார்த்து அறிந்து, பல வருடங்களின் பின் முதலாளி நம்பிக் கொடுத்த சரக்குடன் அடுத்த ஊரில் சொந்தக் கடை திறந்தவர்கள் அவர்கள். அந்தக் கடைப்பையன் எந்த நடுவருக்கு முன்னாலும் ஐந்து நிமிடம் பேசியிருக்கமாட்டான். 1983 ஜூலையில் அவ்வாறான கடைகள் எத்தனையோ எரிந்தன. சாம்பலுக்கு முன்னால் நின்றவர்களில் சிலர் அதே இடத்தில் மீண்டும் திறந்தார்கள். வேறு சிலர் கடல் கடந்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் திறந்தார்கள். விடியற்காலை பத்திரிகைக் கட்டை அவிழ்ப்பதில் தொடங்கி இரவு பதினொரு மணிக்குக் கதவடைப்பதில் முடியும் அவர்களின் நாளை எந்தத் தயாரிப்பாளரும் ஒளிபரப்பமாட்டார். அதில் நாடகம் இல்லை, வேலை மட்டுமே இருக்கிறது.

அந்தப் பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று வரவேற்பறையில் அமர்ந்து சுறாக்களைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பங்கு, பெறுமதி, இலாப விகிதம் என்ற சொற்களை அங்கிருந்து கற்றுக்கொள்ளட்டும். தொழில் என்றால் என்னவென்று அறிய விரும்பினால் மட்டும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கீழே கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்கட்டும்: "கடை திறந்த இரண்டாவது வருடத்தை எப்படிச் சமாளித்தீர்கள், அப்பா?" அதற்கான பதில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியாது. அதை எவரும் வெட்டவும் கூடாது.